சபன் மிஸ்

அக்கா என்னிடம் பேசிய முதல் வார்த்தையே, "தங்கச்சி, கக்கூஸ் எங்கை?" என்பதுதான். பெயர், ஊர் எல்லாம் அதற்குப் பிறகுதான் வந்தன.

கண்டியில், பேராதனை வீதியிலிருந்து மேலே ஏறும் ஓர் ஒழுங்கையில், ஒரு முஸ்லிம் வீட்டோடு ஒட்டியிருந்த அறையில் நான் வாடகைக்கு இருந்தேன். நல்ல மழை. கதவைத் தட்டியது யாரென்று திறந்தால், முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு பெண், சொட்டச் சொட்டக் குடையோடு நிற்கிறார். நான் கையைக் காட்டுவதற்குள் என்னைத் தாண்டிப் போய்விட்டார். வெளியே வந்தபோது முகம் தெளிந்திருந்தது. அறையைச் சுற்றிப் பார்த்தார். எனக்குத் துணையாக வரவேண்டியவள் கல்யாணமாகிப் போனதால் இரண்டாவது கட்டில் சும்மா கிடந்தது.

"இந்தக் கட்டிலுக்கு ஆள் இருக்கோ?"

"இல்லைங்க."

"அப்ப நான் ஞாயிற்றுக்கிழமை வாறன்."

சொன்னபடி பெட்டியோடு வந்தார். குளியலறைத் தட்டில் புதுச் சவுக்காரக் கட்டி ஒன்று இருப்பதை அன்றைக்குத்தான் கவனித்தேன். மழையில் வந்த அன்றே வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

அவர் பெயரை எழுதப்போவதில்லை. "என்ர வயித்தைப் பற்றி என்னவும் எழுது பிள்ளை, பேரை எழுதினா தெரியும்" என்று எச்சரித்திருக்கிறார். யாழ்ப்பாணத்துக்காரர். கச்சேரியில், அதாவது அரசாங்க அலுவலகத்தில், டைப்பிஸ்ட். நான் ஹேவாஹெட்டப் பக்கத்துத் தோட்டமொன்றில் கணக்கப்பிள்ளையின் மகள், கண்டியில் ஒரு தேயிலைக் கம்பனியில் டெலிபோன் ஒப்பரேட்டர். யாரிடமாவது ஒன்று கேட்பதென்றால் எனக்கு உயிர் போகும். கடையில் மிச்சக் காசு குறைந்தால்கூடப் பேசாமல் வருகிற ஆள் நான். எனக்கு வாய்த்த அறைத்தோழியோ, கண்டி முழுக்கக் கேட்டுக்கொண்டே திரிகிறவர்.

கேட்டதெல்லாம் ஒன்றுதான். அவருடைய குடலுக்கு நேரம் காலம் கிடையாது. வந்தால் வந்ததுதான். அப்படி வரும்போது எந்த வீடு, எந்தக் கடை என்று பார்க்கமாட்டார். தட்டுவார். தமிழ் வீடென்றால் தமிழ், சிங்கள வீடென்றால், "பொட்டக் வெசிகிலியட்ட யன்ன புளுவந்த?" கொஞ்சம் கக்கூசுக்குப் போகலாமா என்று அர்த்தம். அவருக்குப் பிழையில்லாமல் வரும் சிங்களம் அது ஒன்றுதான். ஏதோ நேரம் கேட்பதுபோல, தலையை நிமிர்த்திக் கேட்பார். போய் வந்ததும் தோள்பையிலிருந்து புதுச் சவுக்காரம் ஒன்றை எடுத்து அங்கே வைப்பார். அவருக்குத் தெரியாத கக்கூஸ் கட்டுகஸ்தோட்டைக்கும் பேராதனைக்கும் இடையில் இல்லை. எது சுத்தம், எதன் தாழ்ப்பாள் சரியில்லை, எந்த வீட்டு நாய் கடிக்கும் என்றெல்லாம் சொல்வார். சிங்களத்தில் சவுக்காரத்துக்குச் சபன் என்று பெயர். அதனால் ஊர் அவருக்கு வைத்த பெயர் சபன் மிஸ்.

"உங்களுக்கு வெக்கமா இல்லையாக்கா?" என்று ஒருநாள் பொறுக்கமாட்டாமல் கேட்டேன்.

"வயித்துக்கு வெக்கம் தெரியாது. பிறகு எனக்கென்னத்துக்கு? கேட்டாத் தருவினம் பிள்ளை. கேக்காட்டி அவைக்கு என்னெண்டு தெரியும்?"

பின்னாளில், யுத்தம் மூண்டு வடக்குக்குப் போகிற பாதையெல்லாம் சோதனைச்சாவடியாகிவிட்ட காலத்தில், வவுனியாப் பக்கம் அவர் போன பஸ்ஸை நிறுத்தி எல்லோரையும் வெயிலில் இறக்கினார்களாம். மற்றவர்கள் அடையாள அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு நடுங்கிக்கொண்டிருக்க, அக்கா நேரே துவக்கோடு நின்ற ஆமிக்காரனிடம் போய்த் தன்னுடைய ஒரே சிங்கள வசனத்தைச் சொல்லியிருக்கிறார். அவன் சின்னப் பெடியன். திகைத்துப்போய், தங்களுடைய கிடங்கு வெட்டிய கக்கூசுக்கே கூட்டிப்போய், முதுகைக் காட்டிக்கொண்டு காவல் நின்றானாம். வந்து சவுக்காரத்தை நீட்டியதும் குண்டோ என்று பின்னால் துள்ளினானாம். பிறகு முகர்ந்து பார்த்துவிட்டுச் சிரித்தானாம். "அவனுக்கும் தாய் இருப்பாதானே" என்பதோடு அந்தக் கதையை முடித்துவிடுவார்.

அக்கா வருத்தம் என்று சொன்ன அந்த நோயின் பெயரைக் கண்டுபிடிக்கவே வருடக்கணக்கானது. முதலில் சூடு என்றார்கள். பிறகு வயிற்றுளைவு. அவருடைய அம்மா செய்வினை என்று நூல் கட்டினார். ஒரு டொக்டர் குடலில் சயரோகம் என்று மாதக்கணக்காக மருந்து கொடுத்தார். கடைசியில் கண்டியில் ஒரு பெரிய டொக்டர், சிங்களவர், கண்ணாடிக்கு மேலால் பார்த்துப் பேசுகிறவர், உள்ளே குழாய் விட்டுச் சதை எடுத்துச் சோதித்து, "குரோன்ஸ்" என்று சொன்னார். குடல் தானாகவே அழன்று புண்ணாகிற நோய். முற்றாகச் சுகமாவதில்லை. வெள்ளைக்காரர் நாடுகளில் உண்டு, இங்கே மிக அபூர்வம் என்றாராம். அன்று அறைக்கு வந்த அக்காவின் முகத்தில் ஒரு மிதப்பு.

"இஞ்சை ஒருத்தருக்கும் இல்லாத வருத்தமாம் பிள்ளை. சீமை வருத்தம்."

"ஆமா, பெருமைதான். வீசா கொடுத்தா கூப்பிட்டீங்க?" என்றேன். விழுந்து விழுந்து சிரித்தார்.

ஆனால் சிரிக்கிற நோயா அது? ஒரு மருந்துக்கு உடம்பெல்லாம் தடித்தது. இன்னொன்றுக்கு முகம் ஊதிப் பூசணிக்காயானது. போதாததற்கு, ஆசனவாய்க்குப் பக்கத்தில் ஒரு புண் வந்து, உள்ளே குடல்வரை ஓட்டையாகி, ஆறாமல் கசிந்துகொண்டேயிருந்தது. கச்சேரிக் கதிரையில் பஞ்சு மெத்தை போட்டு ஒருபக்கமாகச் சாய்ந்திருந்துதான் டைப் அடித்தார். அந்தப் புண்ணுக்காகத்தான் பெரிய டொக்டர் அன்டிபயோட்டிக் எழுதினார். மெட்ரோனிடசோல். வயிற்றுளைவுக்குச் சில நாட்கள் கொடுப்பார்களே, அதே மஞ்சள் மாத்திரை. இவருக்கோ மூன்று வேளையும், மாதக்கணக்காக.

"கிருமியால வந்த வருத்தமில்லையெண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள். பிறகேன் கிருமிக்கு மருந்து?" என்று கேட்டிருக்கிறார். கேட்பதற்கு அவருக்குச் சொல்லியா கொடுக்கவேண்டும்?

டொக்டர் ஆங்கிலத்தில் சொன்ன பதிலை அக்கா எனக்குத் தமிழில் சொன்னார்: "ஏனென்று எனக்கும் முழுக்கத் தெரியாது. சிலருக்குக் கேட்கிறது. ஆனால் ஒரு வேளைகூட விடக்கூடாது. இதற்கும் புண் காயாவிட்டால் குடலை வெட்டி, வயிற்றில் ஓட்டை போட்டுப் பை கட்டவேண்டி வரும்."

அன்றிரவு அக்கா சாப்பிடவில்லை. தோள்பையை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தார். "தோளில ஒரு பை, வயித்தில ஒரு பையோ?" என்றார். அதைப் பகிடியாகத்தான் சொன்னார், ஆனால் சிரிக்கவில்லை. அவருக்கு எதற்காவது பயம் உண்டென்று நான் அறிந்தது அன்றைக்குத்தான்.

அதன்பிறகு மாத்திரை விஷயத்தில் அவரைப் போல ஒழுங்கான ஆளை நான் கண்டதில்லை. வாயெல்லாம் இரும்புச் சுவை என்பார். நல்ல தேயிலை போட்டுக் கொடுத்தாலும், "வாளி கழுவின தண்ணி மாதிரிக் கிடக்கு" என்று முகத்தைச் சுளிப்பார், ஆனால் மாத்திரையை விடமாட்டார். ஒரே ஒருமுறைதான் சறுக்கியது. இந்த மாத்திரை எடுக்கும்போது மதுவைத் தொடக்கூடாது என்று டொக்டர் சொன்னதற்கு, "என்னைப் பாத்தால் குடிக்கிற ஆள் மாதிரியோ?" என்று கோபித்துக்கொண்டு வந்தவர், அடுத்த வாரமே பசி எடுக்கவென்று ஆயுர்வேதக் கடையில் அரிஷ்டம் வாங்கி இரண்டு மூடி குடித்தார். அரிஷ்டத்திலும் அதுதான் இருக்கிறதென்று யார் கண்டது? முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தியெடுத்துக் கிடந்தார். வீட்டுக்கார உம்மா வந்து போத்தலை முகர்ந்து பார்த்துவிட்டு, "எண்ட ஊட்டுல ஒரு குடிகாரி ஈக்கிறது எனக்குத் தெரியாமப் போச்சே!" என்றார். வாந்திக்கு நடுவிலும் அக்கா சிரித்தார். உம்மாவை அவர் பிள்ளைகள் அழைப்பதுபோல நாங்களும் உம்மா என்றுதான் அழைத்தோம்.

புண் மெல்லக் காய ஆரம்பித்திருந்தது. பெரிய டொக்டருக்கும் நம்பிக்கை வந்திருந்தது. அந்த நேரம் பார்த்துத்தான், தமிழரைத் தேடி அடித்த எண்பத்து மூன்று கலவரம் வந்தது.

எனக்கு அது முதலில் காதில் விழுந்தது. கொழும்பு லைனில் ஒரே அழுகையும் கூச்சலும். பிறகு லைனே இல்லை. கண்டியிலும் புகை எழும்பியதும் கம்பனியை மூடினார்கள். நான் கச்சேரிக்கு ஓடி அக்காவைக் கூட்டிக்கொண்டு நடந்தேன். பஸ் இல்லை. தெருவில் கண்ணாடித் துண்டுகள். நான் பொட்டை அழித்துவிட்டேன், அக்காவும் அழித்தார். பாதி வழியில் என் கையை இறுக்கிப் பிடித்தார்.

"தங்கச்சி, வருகுது."

"யாருக்கா?"

"வயிறு."

"இப்பயா?"

"அது நேரம் பாத்தே வரும்?"

எனக்கு ஆத்திரத்தில் அழுகை வந்தது. அவரோ நேரே ஒரு சிங்களவரின் பேக்கரிக்குப் பின்பக்கம் போய்க் கதவைத் தட்டினார். திறந்த பேக்கரி அம்மாவிடம் அந்த வசனத்தைச் சொல்லக்கூடவில்லை. அந்த மனுஷி எங்கள் இரண்டுபேரையும் உள்ளே இழுத்து, கக்கூசுக்குள் தள்ளி, கதவைச் சாத்தினார்.

கொஞ்ச நேரத்தில் ஆட்கள் வந்தார்கள். பேக்கரிக்குள் யாரையாவது ஒளித்து வைத்திருக்கிறீர்களா என்ற சத்தம் சிங்களத்தில் கேட்டது. பொல்லுத் தடி ஒன்று எங்கள் கதவில் இடித்தது. உள்ளே யார் என்றான் ஒருவன். "என் தங்கச்சி. வயிற்றோட்டம். ஊரெல்லாம் தொற்றுகிறதாம்" என்றார் பேக்கரி அம்மா, குரலில் ஒரு நடுக்கமும் இல்லாமல். அவர் சொன்னது பொய்யில்லை என்று அக்காவின் வயிறு அந்த நேரம் பார்த்துச் சாட்சி சொன்னது. அப்படியொரு சாட்சியை நான் பிறகு கேட்டதில்லை. வெளியே நின்றவன் தூ என்று துப்பிவிட்டுப் போய்விட்டான். சுவரைப் பார்த்துக்கொண்டு நின்ற நான் முந்தானையை வாய்க்குள் அடைத்துக்கொண்டேன். அழுதேனா சிரித்தேனா என்று இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை. எதிரே தட்டில் அக்கா எப்போதோ வைத்த சவுக்காரம் பாதி தேய்ந்து கிடந்தது.

பாண் ரொட்டி கொண்டுபோகும் வேன் வண்டியில், மாச் சாக்குகளுக்குள் எங்களை வைத்து உம்மா வீட்டில் இறக்கிவிட்டார்கள். அங்கே ஏற்கெனவே ஆட்கள் நிறைந்திருந்தார்கள். ஹந்தானைத் தோட்ட லயங்களிலிருந்து ஓடிவந்த குடும்பங்களை உம்மா மாடியிலும் விறாந்தையிலும் படுக்கவைத்திருந்தார். ஊரடங்கு. இத்தனை பேருக்கு ஒரு கிணறு. இரண்டு மூன்று நாட்களில் பிள்ளைகளுக்கு வயிறு போக ஆரம்பித்தது. ஒரு பிள்ளைக்கு இரத்தமும் சளியுமாகப் போனது.

ஒரு நாள் காலையில் அக்கா மாத்திரை போடாமல் இருப்பதைக் கவனித்தேன். போத்தலை எடுத்தால், வெறும் போத்தல்.

"எங்கக்கா மாத்திரை?"

"குடுத்திட்டன்."

"யாருக்கு?"

"கேட்டவைக்கு."

அந்தப் பிள்ளையின் தாய் வந்து, "அக்கா, தோட்டத்து டிஸ்பென்சர் ஐயா குடுக்கிற மஞ்ச மாத்திரை உங்ககிட்ட இருக்காமே" என்று கேட்டாளாம். கொடுத்தாராம். அதைப் பார்த்து இன்னொரு தாய் வந்தாளாம். பிறகு இன்னொருத்தி.

"எல்லாத்தையுமா குடுப்பாங்க? உங்களுக்கு என்ன பண்ணப் போறீங்க? வயித்தில பை கட்டிக்கிறீங்களா?" நான் கத்தியதில் விறாந்தையே திரும்பிப் பார்த்தது.

அக்கா தலையைக் குனிந்துகொண்டார். "ஊரெல்லாம் கதவு தட்டினவள் நான். ஒருத்தரும் இல்லையெண்டு சொல்லேல்லை. என்னட்டைக் கேட்டு வந்தவளுக்கு நான் என்னெண்டு பிள்ளை இல்லையெண்டு சொல்லுறது?"

பிள்ளைகள் தேறிவிட்டன, மாத்திரையாலோ உம்மாவின் கஞ்சியாலோ தெரியாது. ஆனால் அக்காவுக்குக் காய்ந்த புண் மறுபடி கசியத் தொடங்கியது. காய்ச்சலும் வந்தது. டவுனில் மருந்துக் கடைகள் எரிந்ததும் மூடியதுமாகக் கிடந்தன. கட்டிலில் கிடந்தவரின் உதடு காய்ந்திருந்தது. எனக்கு அவரைப் பார்க்கவும் பொறுக்கவில்லை, பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை.

உம்மாதான் பேச்சுவாக்கில் சொன்னார். "அந்த மஞ்சக் குளிசையா? எனக்கும் போன வருஷம் வயித்துவலிக்குத் தந்தாங்கொ. ரெண்டு நாள்ல சொகமாப் போச்சு, மிச்சத்த வெச்சீக்கிறேன்." அலுமாரியிலிருந்து சீனி டின் ஒன்றை எடுத்துக் கவிழ்த்தார். நாலைந்து மாத்திரைகள் உருண்டன.

எனக்குத் தலையில் விளக்கேற்றியதுபோல் இருந்தது. உம்மா மட்டுமா? கண்டியில் எவர் ஒழுங்காக மருந்தை முடித்தார்கள்? வலி நின்றதும் மிச்சத்தை எடுத்து, அடுத்த தடவைக்கு இருக்கட்டும் என்று வைக்காத வீடு எது? மழைக்காலம் வந்தால் வயிற்றுளைவு வராத வீடுதான் எது?

ஊரடங்கைத் தளர்த்திய சில மணி நேரத்தில் உம்மா எனக்கு முக்காடு போட்டு, "நீ வாயத் தொறக்காத, நான் பேசுறேன்" என்று கூட்டிப்போனார். ஆனால் பேக்கரியில் பேசியது நான்தான். கதவு திறந்ததும் உம்மாவை முந்திக்கொண்டு, எனக்குத் தெரிந்த சிங்களத்தில், சபன் மிஸ்ஸுக்குச் சுகமில்லை, மஞ்சள் மாத்திரை மிச்சம் இருக்கிறதா என்று கேட்டேன். வாழ்க்கையில் முன்பின் அறியாத கதவுகளை நான் தட்டியது அன்றைக்குத்தான். "சபன் மிஸ்ஸுக்கா?" என்று பேக்கரி அம்மா உள்ளே ஓடினார். தையல்கடைக்காரர் ஊசிப் பெட்டியைத் துழாவினார். ஸ்ரூடியோக்காரர் பிலிம் டப்பாவைக் கவிழ்த்தார். ஒரு வீட்டில் நாய் குரைத்தது. கடிக்கிற நாயென்று அக்கா சொன்னது நினைவுக்கு வந்து படலைக்கு வெளியிலேயே நின்று கூப்பிட்டேன். இல்லையென்று யாரும் சொல்லவில்லை. மாத்திரை இல்லாத வீட்டில் இளநீர் தந்தார்கள். உம்மாவின் முந்தானை முடிச்சுப் பெருத்துக்கொண்டே போனது.

சேர்த்ததை அப்படியே கொடுக்க எனக்குத் துணிவு வரவில்லை. உம்மாவின் மகன் அக்காவையும் முடிச்சையும் எங்களையும் வேன் வண்டியில் ஏற்றிப் பெரிய டொக்டரின் வீட்டுக்குக் கொண்டுபோனார். டொக்டர் முதலில் அக்காவைப் பார்த்தார். பிறகு மேசையில் பத்திரிகையை விரித்து முடிச்சை அவிழ்த்துக் கொட்டினார். கண்ணாடிக்கு மேலால் பார்த்து ஒவ்வொன்றாகப் பிரித்தார். பழசானது ஒரு பக்கம். தலைவலி மாத்திரை ஒரு பக்கம். பூச்சி மாத்திரை ஒன்று. தையல்கடைக்காரர் தந்ததில் ஒன்று சட்டைப் பொத்தான். மிச்சமாக மஞ்சளில் ஒரு குவியல் நின்றது.

"முப்பது வருஷமாக ஒவ்வொரு நோயாளியிடமும் கத்துகிறேன், மருந்தை முழுக்க முடியுங்கள், மிச்சம் வைக்காதீர்கள் என்று" என்றார் ஆங்கிலத்தில். "கண்டியில் ஒருவர்கூட நான் சொன்னதைக் கேட்கவில்லை என்பதற்கு இதோ அத்தாட்சி." குவியலை அக்காவின் பக்கம் தள்ளினார். "நல்லகாலம், கேட்கவில்லை. கடை திறக்கும்வரை இது போதும். இதையாவது முழுக்க முடியுங்கள்."

காய்ச்சலோடு கதிரையில் சாய்ந்திருந்த அக்கா கேட்டார்: "முழுக்க முடிச்சால், டொக்டர், பிறகு ஆரும் கேட்டு வந்தா என்னத்தைக் குடுக்கிறது?"

டொக்டர் கண்ணாடியையே கழற்றிவிட்டார்.

புண் காய்ந்தது. மாதங்கள் எடுத்தாலும் காய்ந்தது. பை கட்டவேண்டியதில்லை என்று டொக்டர் சொன்ன அன்று, அக்கா ஒரு பெட்டி சவுக்காரம் வாங்கி, தேவையே இல்லாமல் வீடு வீடாகப் போய் வந்தார். கூடவே நானும் போனேன். போகிற இடமெல்லாம் தேத்தண்ணி. இரும்புச் சுவை போய்விட்டதாம், ஒன்றையும் விடாமல் குடித்தார்.

பிறகு யுத்தம் வருடக்கணக்காக இழுத்தது. கனடாவிலிருந்த தம்பியார் கூப்பிட அக்கா அங்கே போனார். நான் கலியாணம் முடித்து, அதே ஒழுங்கையில் இரண்டு வீடு தள்ளி இருக்கிறேன். கனடாவில் அவருக்குப் புதுப்புது மருந்துகள் கொடுக்கிறார்கள். வயிறு சொன்னபடி கேட்கிறதாம். போன் எடுக்கும்போதெல்லாம் பேக்கரி அம்மாவை விசாரிப்பார், அந்த நாயைக்கூட விசாரிப்பார்.

ஒருமுறை, "அங்க எப்படிங்க்கா, வசதிதானே?" என்று கேட்டேன்.

"வசதிக்கென்ன குறை. திரும்பின பக்கமெல்லாம் கக்கூஸ். கடையில, ஸ்டேசன்ல, எல்லா இடமும். ஒருத்தரையும் கேக்கத் தேவையில்லை." என்றார் அக்கா. "அதாலதான் பிள்ளை, இஞ்சை எனக்கு ஒருத்தரையும் தெரியாது."

பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"நேற்று முன்வீட்டுக் கதவைத் தட்டினனான்."

"ஐயோ, வயிறு திரும்பவுமா?"

"வயிறு நல்லாத்தான் இருக்கு. சும்மா ஒருக்காக் கேட்டுப் பாத்தன்."

"திறந்தாங்களா?"

"ஓம். ஒரு வயசுபோன வெள்ளைக்கார மனுசி. பயந்திட்டா. பிறகு உள்ளுக்கு விட்டவ."

"சவுக்காரம்?"

"வைக்காமல் வருவனே?" என்றார் அக்கா. "இண்டைக்குப் பின்னேரம் தேத்தண்ணிக்கு வரச் சொல்லியிருக்கிறா."